தோணிக்கடையின் எட்டாவது ஆள்

எங்கள் ஊரில் தோணிக்கடை எங்கே என்று கேட்டால் பச்சைப்பிள்ளையும் வழி சொல்லும். உள்ளே போயிருக்கிறீர்களா என்று கேட்டால் ஊரே உத்தமர்கள்.

அது பழைய பிராந்திக் கடை. துறைமுகச் சாலையில் அதன் வெளிச்சுவர் முழுக்க, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு தோணி பாய் விரித்து நிற்கும். வரைந்தவர் கடலையே பார்த்திராதவர் போலும். பாய் கிழக்கே புடைத்திருக்க, கொடி மேற்கே பறந்தது. தோணிக்காரர்கள் சிரித்தபோது கடைக்காரர், "ரெண்டு போட்டுட்டுப் பாருங்க அண்ணாச்சி, காத்து சரியாயிரும்" என்றாராம். வீட்டில் இப்படித்தான், யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி சொல்லிவைத்திருந்தேன். அவர் அதைச் சொன்னபோது நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன்.

பிறகு அரசு கடையை எடுத்துக்கொண்டு, பெயருக்குப் பதில் ஓர் எண்ணைக் கொடுத்தது. அந்த எண்ணைச் சொல்லி யாரும் குடிக்கப் போனதில்லை. கடைசியில் அதுவும் இடம் மாறிப் போயிற்று. கட்டடத்தை வாங்கியவர் செல்போன் கடை வைக்க வெள்ளையடிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. போய்ச் சண்டை போட்டேன்.

"இந்தத் தெருவுல பத்துப் பேரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க, சுவர விட்டுருதேன்" என்றார்.

பத்துப் பேர்தானே! என்னோடு பெஞ்சைத் தேய்த்தவர்களே இருபது பேர் தேறுவார்கள். மனு எழுதிக்கொண்டு முதலில் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அந்தக் கடை எங்கன இருக்குன்னே எனக்குத் தெரியாதே" என்றார். மகள் கல்யாணப் பத்திரிகையில் 'தோணிக்கடை பின்புறம்' என்று முகவரி அச்சடித்த மனுஷன்! மற்றவர்களும் அப்படியே நழுவினார்கள். கையெழுத்துப் போட்டால் குடித்ததாகிவிடுமாம். கோழைகள் என்று திட்டிக்கொண்டே வந்து மனுவை மேசையில் வீசினேன்.

மனைவி எடுத்து வாசித்தாள். அந்தப் படத்தைப் பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்ததோடு சரி என்றுதான் அவளிடம் நான் முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன்.

"தோணியில ஏழு பேருன்னு எழுதியிருக்கீய. எட்டுல்லா?"

"ஏழுதான். எத்தனை தடவ பாத்துருக்கேன்!"

"பஸ்ஸுக்குப் போகையிலயா?"

மனுவைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"நீங்க வெளிய வாரது வரைக்கும் எதுத்தாப்புல கம்பத்தடியில நின்னு எண்ணுவேன். சின்னவனுக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னைக்கு மூணு தடவ எண்ணுனேன். பெறகு நானே அவனத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்."

வெட்கத்தில் முகம் எரிந்தது. நாளைக்கே அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தால் தேவலை என்று தோன்றியது. அவளோ ஏழு என்பதை அடித்து எட்டு என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள்.

"அத அழிக்க விடலாமா? நீங்க அங்கன இருந்தீயன்னு வேற என்ன சாட்சி இருக்கு?"

மறுநாள் மனுவைத் தூக்கிக்கொண்டு அவளே கிளம்பினாள். சாயங்காலத்துக்குள் பத்தும் சேர்ந்துவிட்டது. இரண்டாவது கையெழுத்து வாத்தியார் சம்சாரத்துடையது. பத்துப் பேரும் பெண்கள். ஒருத்தியும் கடைக்குள் கால் வைத்தவள் இல்லை. எட்டுப் பேர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லையாம்.

சுவர் தப்பித்தது. போன வாரம் அந்தக் கம்பத்தடியில் நின்று நானும் எண்ணிப் பார்த்தேன். எட்டாவது ஆள் பாய்மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிறான். அவனைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குக் கால் கடுத்துவிட்டது.