தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோகும் படம்

திங்கட்கிழமை காலையில் எங்கள் ஆபீஸ் கேபிள்களில் சந்தனமும் சாம்பாரும் மணக்கும்...

ஞாயிற்றுக்கிழமை ஏதாவதொரு கல்யாண மண்டபத்தில் சுருண்டு கிடந்து, அப்படியே பைக்குள் திணிக்கப்பட்டு வந்தவை அவை. இரண்டாயிரங்களின் பிற்பகுதி. திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பக்கம் ஏழெட்டுப் பேர் கொண்ட சின்னக் கம்பெனி. கல்ஃபில் இருப்பவர்களுக்கு ஊர்க் கல்யாணத்தை இன்டர்நெட்டில் நேரலையாகக் காட்டுவது எங்கள் வேலை.

கரமனையிலிருந்து பஸ் மாறிப் போவேன்.

ஒரே ஒரு பிரச்சினைதான். மாப்பிள்ளை வருவார், பெண் வருவாள், எல்லாம் அழகாகத் தெரியும். சரியாகத் தாலி கட்டும்போது படம் நின்றுவிடும்.

மறுநாள் துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் வரும் போன்களை நான்தான் எடுக்க வேண்டும். "மோளே, ஞான் அது மாத்ரம் கண்டில்ல" என்று ஒரு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதை மட்டும் பார்க்கவில்லையாம்.

முதலாளி மென்பொருளையே புதிதாக எழுதலாம் என்றார். ஆறு மாதமாகும். எனக்கு அவ்வளவு நாள் இல்லை. ஆவணியில் என் அக்காவுக்குக் கல்யாணம். மஸ்கட்டில் கணக்கராக இருந்த அப்பாவின் பாஸ்போர்ட், விசா புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அவரால் வர முடியாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "உன் கம்பெனி இருக்குல்லா மக்களே" என்று மட்டும் அம்மா சொல்வாள்.

எங்கள் டீம் லீட் அனில் சேட்டன் அப்போதுதான் பெங்களூரில், வேலையைச் சின்னச் சின்ன மாற்றங்களாகச் செய்துபார்க்கும் அஜைல் முறையில் டிரெயினிங் முடித்து வந்திருந்தார். சுவரெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர். தினமும் காலையில் நின்றுகொண்டே மீட்டிங். கையில் டீ டம்ளர். திங்கட்கிழமை மட்டும் உட்கார்ந்து, நேற்று என்ன கெட்டுப்போனது என்று பேசுவோம். "ஆரெயும் குற்றம் பறயண்டா" என்பார். யாரையும் குறை சொல்லக் கூடாது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு மாற்றம், அவ்வளவுதான். அது பலித்ததா என்று பார்த்த பிறகே அடுத்தது.

"சேட்டா, நம்ம யாராவது மண்டபத்துக்குப் போயிருக்கோமா?" என்று ஒரு நாள் கேட்டேன். யாரும் போனதில்லை. கேமராக்காரர்கள் போவார்கள், நாங்கள் ஆபீஸில் இருப்போம்.

அடுத்த ஞாயிறு நானும், டெஸ்டிங் பார்க்கும் ரஷ்மியும் போய் லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்தோம். கெட்டிமேளம் தொடங்கியது. ரஷ்மி என் கையைக் கிள்ளினாள்.

"எடீ, நோக்கிக்கே."

மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு போன். கல்ஃபிலிருக்கும் அண்ணனுக்கு, மகனுக்கு, நாத்தனாருக்கு மேளச் சத்தத்தைக் கேட்க வைக்கிறார்கள்... அத்தனை அழைப்பும் ஒரே டவரில். எங்கள் படமும் அதே டவர் வழியாகத்தான், ஒரு டேட்டா கார்டில் போய்க்கொண்டிருந்தது. திரையில் மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது.

முதல் மாற்றமாக, யாரும் போன் செய்ய வேண்டாமென்று மைக்கில் அறிவிக்கச் சொன்னோம். அறிவித்தவரே இன்னொரு கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அந்த மாற்றத்தை எழுதி ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ரஷ்மி சிரித்துக்கொண்டே கிழித்துப் போட்டாள்.

அடுத்த கல்யாணத்தில் டேட்டா கார்டை எடுத்துவிட்டு, மண்டப மேனேஜர் அறையின் லேண்ட்லைன் பிராட்பேண்டிலிருந்து கேபிள் இழுத்தோம். படம் நிற்கவில்லை, ஆனால் விட்டுவிட்டு வந்தது. அதற்கடுத்ததில், அரை நிமிஷப் படத்தைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு தாமதமாக அனுப்பினோம். சீராக ஓடியது.

அதற்கடுத்தது அக்கா கல்யாணம்.

வலியசாலையில் மண்டபம். பட்டுப்புடவையோடு மேடை ஓரத்தில் லேப்டாப் முன்னால் நான். மஸ்கட் ஆபீஸில், மேனேஜர் அனுமதி கொடுத்த கம்ப்யூட்டர் முன்னால் அப்பா. கெட்டிமேளம் முழங்கியது. நான் தலை நிமிரவில்லை. அரை நிமிஷம் பின்னால் ஓடும் திரையில் இன்னும் மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கவே இல்லை.

பக்கத்தில் சுசீலா சித்திக்கு எப்படியோ லைன் கிடைத்துவிட்டது.

"அத்தான், தாலி கெட்டியாச்சு!"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, சித்தி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சித்தி?"

"'போன வையி சுசீலா, எனக்கு இன்னும் கெட்டல'ங்காரு உங்கப்பா."

அப்புறம்தான் திரையில் கட்டினார்கள். நிற்காமல், விடாமல், மூன்று முடிச்சும். அக்கா கழுத்தில் தாலி ஏறியதை நான் நேரில் பார்க்கவில்லை. அப்பா பார்த்தபோதுதான் பார்த்தேன். மேடையில் அதற்குள் மாலை மாற்றத் தொடங்கியிருந்தார்கள்.

இப்போது நான் இருப்பது பெரிய கம்பெனி. வேலை அதேதான், நேரலை. எத்தனை லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்பது எங்கள் திரையில் ஒரு பச்சைக் கோடாக ஓடும். காலை மீட்டிங்கில் யாரும் நிற்பதில்லை, ஆளாளுக்கு வீட்டிலிருந்து பேசுகிறோம்.

போன வாரம் அந்தக் கோடு திடீரென்று விழுந்தது. என் டீம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், சில நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார்கள். மறுநாள் மீட்டிங்கில், கோளாறைப் பதிவு செய்த டிக்கெட்டைத் திறந்து வைத்துக் காரணத்தை விளக்கினார்கள், வரைபடத்தோடு, தெளிவாக.

"அந்நேரம் நேரலையில என்ன ஓடிட்டு இருந்தது?" என்று கேட்டேன்.



"அது டிக்கெட்ல இல்ல மேம்" என்றாள் ஒரு பெண், மரியாதையாகத்தான்.

சரி என்று அடுத்த விஷயத்துக்குப் போனோம்...