கயிற்றின் முன்நுனியில் ஜெயா

ஜெயமதியோடு கடைக்குப் போவதென்றால் எனக்குப் பயம். ஒரு பால் பெட்டி வாங்கி வர அரைநாள் போய்விடும். வலக்காலைச் சாய்த்துச் சாய்த்து அவள் நாலு எட்டு வைப்பதற்குள், தாடி வைத்த ஒரு தடியன் "ஜெயா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து கட்டிப்பிடிப்பான். பின்னால் வரும் தாய், "அன்ரி எண்டு சொல்லடா! பேர் சொல்லியே கூப்பிடுறது?" என்று பல்லைக் கடிப்பாள். அவன் என்ன செய்வான்? கார்டெரிக்கு வந்த நாளிலிருந்து அவனுக்கு அவள் ஜெயாதான். மொன்றியலில் கார்டெரி எனப்படும் குழந்தைகள் காப்பகங்களில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

நான் சிவமலர், அதே கார்டெரியின் சமையல்காரி. அவள் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். அவள் எல்லாரிடமும் "மனே, மனே" என்று குழைவதை நான் நக்கலடிப்பேன். நான் எல்லாரோடும் ஏறி விழுவதை அவள் நக்கலடிப்பாள். இருபது வருடமாகச் சண்டை பிடித்தபடி ஒன்றாகத் தேநீர் குடிக்கிறோம். எங்கள் வட்டாரமான பார்க் எக்ஸ்ரென்ஷனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேரின் மூக்கை அவள்தான் துடைத்துவிட்டிருக்கிறாள்.

குழந்தைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக ஒரு நீளக் கயிறு வைத்திருக்கிறோம். அதில் கைபிடிக்க வளையங்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு வளையத்தைப் பிடிக்கும். முன்நுனியை ஜெயா பிடிப்பாள். பூங்காவுக்குச் சற்று முன்னால் ஒரு மூலை. ஜான்-டலோன் சந்தைக்கு விரையும் கார்கள் அங்கே நிற்பதில்லை. நிற்கச் சொல்லி ஒரு பலகையும் இல்லை. ஜெயாதான் தெருவில் இறங்கி ஒரு கையை உயர்த்திக்கொண்டு நிற்பாள். போன இலையுதிர் காலத்தில் ஒருவன் அந்தக் கையையும் கவனிக்காமல் வந்து, கயிற்றின் பக்கத்தில் கிரீச்சென்று காரை நிறுத்தினான். குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. ஜெயா என் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"மலரக்கா, அந்த மூலைக்கு ஒரு ஸ்ரொப் பலகை வேணும். இல்லாட்டி ஒருநாள் நான் ஒரு பிள்ளையைப் பறிகுடுத்திருவன்."

அதிகாரிகளுக்குத் தொலைபேசி எடுத்தோம். பார்ப்போம் என்றார்கள். வட்டாரக் கவுன்சில் கூட்டத்தில் யாரும் போய்க் கேள்வி கேட்கலாம் என்று கேள்விப்பட்டோம். ஆனால் ஜெயாவின் பிரெஞ்சு மூன்று வயதுக் குழந்தைகளை அடக்கக் காணும்; கவுன்சிலை அடக்கக் காணாது.

"நான் கேட்டா ஒரு மனிசி வந்து கேட்டுட்டுப் போன கதையாப் போயிரும்கா. நம்ம வளத்த பிள்ளைகள் கேக்கட்டும். இது இதுகள்ற ஊர்" என்றாள்.

பிறகென்ன, தெருவில் கண்ட இளசுகளையெல்லாம் பிடிக்கத் தொடங்கினாள். மூக்குத் துடைத்துவிட்டவளிடம் யார்தான் முடியாது என்பது? கல்லூரியில் படிக்கும் தக்ஷினி உடனே ஒத்துக்கொண்டாள். சந்தையில் பழக்கடையில் வேலை செய்யும் நிதுசன் தலையைச் சொறிந்தான். "நாங்கள் கேட்டு ஆர் ஜெயா செய்யப்போகினம்?" என்றான். என்றாலும் வந்தான். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள்.

அங்கேதான் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் பேரின்பநாயகம் நுழைந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொன்னாடை இல்லாமல் அவரால் எந்த வாசலும் தாண்ட முடியாது. "எங்கடை பிள்ளையள் கவுன்சிலுக்குப் போகுதுகள், வெறுங்கையோடை போறதே?" என்று பொன்னாடை, மாலை, சந்தனக் கிண்ணம், படம் பிடிக்க ஒரு ஆள் என்று கூட்டத்தன்று கவுன்சில் கட்டடத்துக்குத் திரண்டு வந்துவிட்டார். கூட்டம் தொடங்கமுதல் பெயர் கொடுத்தவர்கள் மட்டும்தான் கேள்வி கேட்கலாம். எங்கள் பிள்ளைகளோ கீழ்மண்டபத்தில் எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர் அம்மாவைச் சுற்றி வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொன்னாடை சரிந்துவிட்டதென்று திரும்பப் போர்த்தித் திரும்பப் படம் எடுத்தார்கள். அந்த அம்மா கண் கலங்க நன்றி சொன்னா. மேலே போனபோது பெயர்ப் பதிவு முடிந்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சந்தனக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஜெயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணை, கேக்க வந்த இடத்தில குடுத்திட்டுப் போறம்" என்று மட்டும் அவரிடம் சொன்னாள். மனிதர் தலை குனிந்தார்.

"நான் சொன்னனான்தானே. இனி என்னைக் கூப்பிடாதேங்கோ" என்று நிதுசன் விறுவிறென்று போய்விட்டான். அவன் போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். தக்ஷினி மட்டும் மிஞ்சினாள். ஒருத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சனிக்கிழமை நானும் ஜெயாவும் சந்தைக்குப் போனோம். நிதுசன் ஆப்பிள் அடுக்கிக்கொண்டிருந்தான். இவள் கவுன்சில் பேச்சையே எடுக்கவில்லை. "சாப்பிட்டியா மனே?" என்று கேட்டுவிட்டு ஆப்பிளைப் புரட்டிக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"டேய், ஜெயா ஏன் நொண்டுறா எண்டு தெரியுமே உனக்கு? மூண்டு வயசில நீ வளையத்தை விட்டிட்டு உந்த மூலையிலதான் றோட்டுக்கு ஓடினனி. உன்னைப் பிடிக்கப் பாய்ஞ்சு விழுந்துதான் அவவின்ரை முழங்கால் போனது!"

"ஐயோ, ஏன்கா இப்ப உதெல்லாம்?" என்று ஜெயா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். நிதுசன் அவள் காலைப் பார்த்தான். பிறகு எங்கள் பைக்குள் ஆப்பிளை ஒவ்வொன்றாக மெதுவாக வைத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் போனபோது அவன் வாசலில் நின்றான். ஓடிப்போனவர்கள் அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முந்தி வந்து தக்ஷினியின் பெயரைப் பதிந்திருந்தான். பேரின்பநாயகமும் வந்தார், வெறுங்கையோடு. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

தக்ஷினி தடுமாறாமல் கேட்டாள். கவுன்சிலர் அம்மா மரியாதையாகத்தான் பதில் சொன்னா: அந்தத் தெருவை ஆராய வேண்டும், இந்த ஆண்டு முடியாது. பெயர் பதிந்தவருக்கு மேலும் ஒரு கேள்வி உண்டு; அதைக் கூட வந்தவரும் கேட்கலாம். தக்ஷினி திரும்பிப் பார்த்தாள். நிதுசன் எழுந்து ஒலிவாங்கிக்குப் போனான். அவன் பிரெஞ்சில் பேசியதில் எனக்கு விளங்கியது இது:

"அந்த மூலையில் ஏற்கெனவே ஒரு நிறுத்தப் பலகை இருக்கிறது, மேடம். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறா. பெயர் ஜெயா. நான் சின்ன வயதில் அந்தத் தெருவுக்குள் ஓடினேன். என்னை நிறுத்தப் போய் அவவின் கால் உடைந்தது. இன்றைக்குக் காலையும் அதே காலோடு அங்கே நின்றா. அவவால் முடியாமல் போகிற நாளில் அங்கே யாரை நிறுத்துவீர்கள்?"

பின்னால் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். யாரும் கை தட்டவில்லை. ஜெயா முகத்தைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, "இந்தக் குரங்கைப் பாருங்ககா" என்று விம்மினாள். நானும் அழுதேன். ஏன் ஒளிக்கவேணும்? கவுன்சிலர் அம்மா பக்கத்திலிருந்தவர்களோடு குனிந்து பேசிவிட்டு, பனி கரைந்ததும் வைக்கிறோம் என்றா.

வைத்தார்கள். பலகை வந்த மறுநாள் நானும் வேடிக்கை பார்க்கக் கயிற்றோடு போனேன். ஜெயா பழக்கத்தில் தெருவில் இறங்கிக் கையை உயர்த்தினாள். வந்த கார் தானாகவே நின்றது. அதன் பின்னால் வந்ததும் நின்றது. அவள் உயர்த்திய கையை இறக்கவும் மறந்து, பலகையையே பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

"ஜெயா, வா!" என்று வளையங்களைப் பிடித்திருந்த குழந்தைகள் முன்னால் ஓடி, அவளை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்கள்.