குழந்தை அறைக்காரி கேட்டு வாங்கிய நன்றி

அவளிடம் வாய் கொடுத்தவர்கள் மறந்திருப்பார்கள், அவள் மறந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை அவள் குரலைக் காக்காய்க் குரல் என்று சொல்லிவிட்டாள். அதற்காக ஒரு வருடம் நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று விடிந்தும் விடியாமலும் பாடித் தள்ளினாள். அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போன பிறகுதான் வாயை மூடினாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அந்தச் சூடு உடம்பில் ஏறித்தான் கோபம் ஆறுவதில்லை என்பது கணவரின் கட்சி.

"உங்களுக்கு ரோஷம் இல்லன்னா எனக்கும் இருக்கக்கூடாதா?" என்பாள்.

ஆனால் அந்தக் காக்காய்க் குரலுக்குத்தான் குழந்தைகள் தூங்கின. தேவாலயத்தின் பின்பக்கம் உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையைக் கூட்டிக் கழுவி, ஆராதனை நேரத்தில் கைக்குழந்தைகளை அங்கே பார்த்துக்கொண்டாள். பவுடரும் ஈரத்துணியும் கலந்த வாசனை, தரையெல்லாம் பிஸ்கட் தூள். கதவைச் சாத்தினால் பிரசங்கம் வெறும் முணுமுணுப்பு. தாய்மார்கள் நிம்மதியாகப் பாடட்டும் என்று அவள் பிரசங்கம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

எல்லாக் குழந்தைகளிலும் ஒருவன் அவள் உயிர். நாத்தனாருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பையன், இரண்டு வயது. "அத்தே" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டால், ஆராதனை முடிந்து அம்மா வந்து இழுத்தாலும் வரமாட்டான்.

அந்த நாத்தனார்தான் ஊழியத் தொண்டர்களுக்குத் தலைவி. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறன்று பாடகர்கள், பூ அலங்கரிப்பவர்கள், மைக் பார்ப்பவர் என்று ஒவ்வொருவரையும் முன்னால் அழைத்து, வாயெல்லாம் பல்லாக நன்றி சொல்லி, கேக் பெட்டி கொடுப்பாள். குழந்தை அறைக்காரியை மட்டும் கூப்பிட்டதில்லை. முதல் வருடம், மறந்திருப்பாள் என்று இவள் விட்டுவிட்டாள். அதுவே உலக அதிசயம். அடுத்த வருடம், குழந்தையை வாங்க வந்த ஒரு தாய் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"போதகர் கேட்டாருக்கா, குழந்தை ரூம்ல இருக்கறவங்களைக் கூப்பிடலையான்னு. 'எங்க அண்ணிதானே ஐயா, அவங்களுக்கு எதுக்கு? வீட்ல சும்மாதானே இருக்காங்க'ன்னு உங்க நாத்தனார் சொல்லிட்டாங்க."

சும்மாவா! இஸ்திரி மேஜை முன் நின்று நின்று வீங்கிப்போன கால்களைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள்.

"என் தங்கச்சி ஏதோ வாய் தவறி..." என்று இழுத்தார் கணவர்.

"வாய் தவறினா பல்லாவது தடுத்திருக்கணும். அவ வாயாலயே, அத்தனை பேர் முன்னாடி, எனக்கு நன்றி சொல்ல வைக்கல, பாருங்க."

ஒரு வருடம் கறுவிக்கொண்டே கிடந்தாள். நாத்தனாரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பையனைச் சிரித்த முகமாகத்தான் வாங்கினாள். அதைப் பார்த்துக் கணவருக்குப் பயம் அதிகமானது.

அந்த ஞாயிறும் வந்தது. கைதட்டல் தொடங்கியதும் அறைக் கதவைத் திறந்தாள். இடுப்புக்கு ஒன்றாக இரண்டு, பின்னால் நடக்கத் தெரிந்ததுகளின் பட்டாளம். கேக் பெட்டியோடு நின்ற பாடகியின் கையில் ஒன்றைக் கொடுத்தாள். போதகரின் வெள்ளை அங்கிமீது ஈரமாக இருந்ததாகப் பார்த்து ஒன்றை வைத்தாள். மிச்சத்தைப் பாய்கிற இடத்துக்குப் பாயவிட்டாள். திரும்பிப் போய், கடைசியாக நாத்தனார் மகனைத் தூக்கி வந்து, மைக்கும் கையுமாக நின்றவளின் தோளில் சாத்தினாள். பிறகு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"நீ சொல்லும்மா. யார் யாருக்கோ நன்றி சொல்றியே, நானும் கேக்கலாம்னு வந்தேன். வீட்ல சும்மாதானே இருக்கேன்."

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. பையன் "அத்தே, அத்தே" என்று இரண்டு கையையும் நீட்டி வீறிட்டான். மைக் அதை வாங்கிக் கூரை அதிர ஒலித்தது.

"அண்ணி, இவனைப் பிடிங்களேன்..."

"நன்றி சொல்லி முடி."

"எங்க அண்ணி... குழந்தைங்களைப் பார்த்துக்கறாங்க. அவங்களுக்கு நன்றி."

அங்கேயே எழுந்து வாங்கியிருக்கலாம். ஆனால் ஒரு வருடத்துப் பசி ஒரு கவளத்தில் அடங்குமா?

"காது கேக்கல. அந்த ரூம்லயே இருந்து மந்தமாயிடுச்சு. திரும்பச் சொல்லு."

பையன் அழுது அழுது நீலம் பாரித்தான். நீட்டிய கையை மடக்காமல் அவளையே பார்த்தான். அவளும் பார்த்தாள்; கட்டிய கையைப் பிரிக்கவில்லை. நாத்தனார் கண்ணீரோடு, குரல் உடைந்து, மறுபடியும் முழுசாகச் சொன்னாள். சபையே எழுந்து நின்று கைதட்டியது. போதகர் கேக் பெட்டியைத் தன் கையாலேயே கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

அவள் பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்துபோய் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வாடா தங்கம். அத்தைகிட்ட வா."

பையன் அவளை ஒருமுறை பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மாவின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான். அழுகை நின்றது. நாத்தனார் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவள் வெறுங்கையோடு நின்று அதை முழுவதும் கேட்டாள்.