மூக்கு நுனியில் முளைத்த முடி

எனக்குப் பொறுமைன்ற சமாச்சாரமே கிடையாது. எங்க ஊர் குடிபாலா ஆந்திராவுக்கா மெட்ராசுக்கான்னு எல்லையைப் பத்தி ஊரே அடிச்சுக்கினு இருந்த வருசம், என்னை வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல மூணு வாரம் சும்மா கிடன்னுட்டாங்க. மூக்கு நுனியில ஆறாத புண்ணு. புத்துநோய்னு வெட்டி எடுத்துட்டாங்க. அந்தக் குழியை மூட நெத்தித் தோலை நீளமா அறுத்து, புருவத்துகிட்ட மட்டும் வேரை விட்டு, கீழே மடிச்சு மூக்குல தெச்சிருந்தாங்க. அந்த வேர் வழியாத்தான் ரத்தம் வரணுமாம். தோல் இன்னும் நெத்தியோடதுதானே, மூக்குல ஈ உக்காந்தா நெத்தி அரிக்கும். பைத்தியம் பிடிக்காத குறைதான்.

பன்னெண்டாம் நாள் கண்ணாடியில பார்த்தா தோல் ஓரம் நீலமா இருந்தது. கருத்துட்டா மூக்கு போச்சுன்னு டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். ஆபரேசனுக்கு முன்னாடி, திருப்பதிக்கு வந்து மொட்டை போடறேன்னு வேண்டிக்கினது அப்பத்தான் ஞாபகம் வந்தது. சாமி கோச்சுக்கினார்னு நானா முடிவு பண்ணேன். பொண்டாட்டி சோறு துன்னப் போன நேரம், தலையில துண்டைப் போட்டுக்கினு திருப்பதி பஸ் ஏறிட்டேன்.

மலை மேல மொட்டை போடற நாவிதர் துண்டை விலக்கிப் பார்த்தவர், கத்தியைக் கீழ வெச்சுட்டார்.

"வத்து சாமி, வேணாம். இது உசிரோட இருக்கற தோலு. கை தவறினா யார் பதில் சொல்றது?"

கத்தினேன், கெஞ்சினேன். மனுசன் அசையலை. பின்னந்தலையில மூணு கத்திரி வெட்டி, "இது போதும், போங்க"ன்னார். பொம்பளைங்க கொடுக்கற மூணு கத்திரி! மானம் போச்சேன்னு முணுமுணுத்துக்கினே திரும்பினேன். ஆஸ்பத்திரியில பொண்டாட்டி அழுதுக்கினே திட்டினா. டாக்டர் அழாம திட்டினார்.

தோல் பிழைச்சது. வேரையும் வெட்டி விட்டாங்க. ஆனா எனக்குச் சின்ன நெத்தி. தோலோட கொஞ்சம் தலைமுடியும் சேர்ந்து வந்துடுச்சு. மூக்கு நுனியில கருகருன்னு முடி! தெருவுல ஒருத்தரும் முகம் பார்த்துப் பேசலை. பொண்டாட்டிகூட அந்த மூக்கைத் தொடலை. எனக்கே அது என் மூக்குன்னு தோணலை.

அடுத்த வருசம் விட்டுப்போன மொட்டையைப் போட மலையேறி, அதே நாவிதரைத் தேடிப் பிடிச்சு உக்காந்தேன். தலையை வழிச்சு முடிச்சவர், சிரிக்காம, ரெண்டு விரலால என் மூக்கைப் பிடிச்சு தண்ணி தடவினார்.

"இதுவும் தலைமுடிதானே சாமி. விட்டா மொட்டை முழுசாவாது."

நெத்தியிலதான் கூசப்போகுதுன்னு கண்ணை மூடிக்கினேன். கத்தி பட்டது மூக்குலயே தெரிஞ்சுது. அங்கேயே ஓன்னு அழுதுட்டேன்.