பழகிப் பார்க்கக் கொடுத்த முட்டைகள்

திருவொற்றியூர் குப்பத்தில் தேசப்பன் என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. ஒருவர் நெட்டைத் தேசப்பன், ஒருவர் கோயில் தேசப்பன். கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகும் நம்முடைய ஆளை மட்டும் முட்டைத் தேசப்பன் என்றார்கள். அவர் முட்டை விற்றவரல்ல, கோழி வளர்த்தவருமல்ல. எறிந்தவர்.

யுத்தம் முடிந்த புதிதில் ராயபுரத்தில் ஒரு நாடகம் நடந்தது. ராஜபார்ட் நடிகர் சாராய நெடியோடு தாமதமாக வந்து, ஒரே பாட்டின் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார். ரசிகர்கள் முன்யோசனை உள்ளவர்கள். ஏற்கெனவே கூமுட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் எறிந்ததெல்லாம் ஆர்மோனியக்காரர் மேல் விழ, தரை டிக்கெட்டின் கடைசி வரிசையிலிருந்து தேசப்பன் ஒன்றை வாங்கி எறிந்தார். அது எல்லார் தலைக்கும் மேலே போய் ராஜாவின் பாதி மீசையைக் கழற்றியது. மகாராஜா மீதி மீசையைக் கையால் பிடித்துக்கொண்டு அந்தக் காட்சியை முடித்தார்.

ஆடும் கட்டுமரத்தில் நின்று பழகியவருக்கு அசையாத தரையில் நின்று குறி பார்ப்பது பெரிய காரியமில்லை. ஆனால் குப்பத்து ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மீன் பிடித்ததற்காக யாரும் அவரைத் தூக்கியதில்லை. அன்றுமுதல் பொதுவாழ்வு அவரை அழைத்துக்கொண்டது. எண்ணூரிலிருந்து ராயபுரம்வரை எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் எதிர்க்கட்சி தேசப்பனைத் தேடிவந்தது. அவருக்குக் கொள்கை எதுவும் கிடையாது என்பதால் எல்லாக் கட்சிக்காரர்களும் அவரை நம்பினார்கள்.

அவர் மனைவி புஷ்பவல்லிக்கு மட்டும் இதில் பெருமையில்லை. கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவள் உண்டாகியிருந்தாள். தர்மாஸ்பத்திரி டாக்டரம்மா அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லை, தினம் ஒரு முட்டை சாப்பிடு என்றார். முட்டை எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. அரிசிக்கே ரேஷன் கடை வாசலில் காவல் கிடந்த காலம் அது.

"ஊர்ல கீற தலைவன் மூஞ்சிக்கெல்லாம் முட்டை குட்த்துகினு வர்ற. என் வாய்க்கு ஒண்ணு கெடைக்கல," என்றாள் புஷ்பவல்லி.

"அதெல்லாம் கூமுட்டை, புஷ்பா. துன்னா ஒடம்புக்கு ஆவாது."

"தலைவனுங்களுக்கு மட்டும் ஆவுதா?"

முட்டை மண்டியில் கழித்துப் போடுவதுதான் தேசப்பனுக்குக் கிடைக்கும். நல்ல முட்டையைக் கையில் தொட்டே பல மாதம் ஆகியிருந்தது.

அப்போதுதான் கவுன்சிலர் தேர்தல் வந்தது. ராயபுரத்தில் நின்றவர் பொன்னுரங்கம் முதலியார், துறைமுகத்துக்குக் கூலியாட்கள் அனுப்பும் காண்டிராக்டர். அவரை எதிர்த்து நின்றவர்மேல் ஏற்கெனவே யாரோ இரண்டு கூட்டங்களில் முட்டை அடித்திருந்தார்கள். அதன்பிறகு அவர் போன தெருவிலெல்லாம் பெண்கள் இரக்கப்பட்டு ஆரத்தி எடுத்தார்கள். பொன்னுரங்கத்தின்மேல் யாரும் எதையும் எறியவில்லை. ஒரு தலைவருக்கு இதைவிட அவமானம் வேறில்லை.

ஆகவே அவருடைய வலதுகை தண்டபாணி, ஒரு கூடையோடு குப்பத்துக்கு வந்தான். கூடையில் வைக்கோலுக்குள் வெள்ளைவெளேரென்று நல்ல முட்டைகள்.

"தேசப்பா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் கல்மண்டபத்தாண்ட நம்ம மீட்டிங். நீ வந்து முதலாளி மேல ஒண்ணு போடு."

"எந்த முதலாளி மேல?"

"நம்ம முதலாளி மேலதான். ‘என் உயிரே உங்களுக்குத்தான்’னு அவர் சொல்வாரு. ஒடனே போடு. மார்ல படணும், மூஞ்சில வாணாம். நாத்தம் அவருக்கு ஒத்துக்காது, அதுக்குத்தான் நல்ல முட்டை. அதுவரிக்கும் இத்த வெச்சிப் பழகிப் பாரு. ஒண்ணு மட்டும் மீட்டிங்குக்கு வெச்சுக்கோ."

பழகிப் பார்க்கக் கொடுத்த முட்டைகளைப் புஷ்பவல்லி மிகுந்த சிரத்தையோடு பழகினாள். ஒரு நாள் அவியல், ஒரு நாள் பொரியல். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே தேசப்பன் நெத்திலிக் கருவாட்டைக் கடித்துக்கொண்டார். அவள் முகத்தில் லேசாகப் பளபளப்பு வந்ததுபோல அவருக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடலிலிருந்து வந்தபோது கடைசி முட்டையும் குழம்பில் கிடந்தது.

"அது மீட்டிங்கு முட்டை புஷ்பா."

"ஆசையா கீதுய்யா," என்றாள் அவள். குரல் தாழ்ந்திருந்தது. அப்படிப் பேசுகிறவளில்லை அவள்.

"துன்னு," என்று சொல்லிவிட்டு அவர் மண்டி வழியாகக் கல்மண்டபத்துக்கு நடந்தார். மண்டியில் ஒரு முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசை கேட்டது. கூமுட்டைதான், மடியில் கட்டிக்கொண்டார்.

பொன்னுரங்கம் புது ஜிப்பா போட்டிருந்தார். முட்டை விழுந்ததும் பேசவேண்டிய வீரவசனத்தை வீட்டில் மனப்பாடம் செய்திருந்தார். "என் உயிரே உங்களுக்குத்தான்" என்றார். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், மார்பின் நட்டநடுவில் விழுந்தது முட்டை. அடுத்த நொடி மேடையில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் குதித்தார்கள். வேட்பாளர் வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை, மத்தியானம் சாப்பிட்டதுதான் வந்தது. மைக்கைப் பிடித்தபடி கண்ணீர் வழிய நின்றார். அவர் ஆயுளில் செய்த மிகச் சிறந்த பிரசங்கம் அதுதான் என்று எதிரிகளும் ஒத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒரு பெண், "இந்த மகராசன போயி இப்படிப் பண்ணிட்டானுங்களே," என்று அழ ஆரம்பித்தாள்.

எறிந்ததும் தேசப்பனைத் தப்பி ஓடவிடுவதாகத் தண்டபாணி வாக்குக் கொடுத்திருந்தான். ஆனால் அது தொண்டர்களுக்குத் தெரியாது. அவர்கள் உண்மையான பக்தியோடு அடித்தார்கள். முன்பல் ஒன்று போனபிறகு போலீஸ்காரர்கள் வந்து மிச்சத்தைக் காப்பாற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் புஷ்பவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து, ஏட்டிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"எறியச் சொன்னதே அந்த முதலியார்தான் நைனா. கூடையில நல்ல முட்டை குட்த்து அனுப்பிச்சாரு."

"அந்த முட்டை எங்க?"

"நான் துன்னுட்டேன்."

ஏட்டு வெகுநேரம் சிரித்தார். "எந்தப் பைத்தியக்காரனாவது தன் மேலயே கூமுட்டை அடிக்கச் சொல்வானா? போம்மா, போயி வேற கதை யோசிச்சுகினு வா."

தண்டபாணியும் வந்தான், கம்பிக்கு வெளியே நின்றபடி பல்லைக் கடித்தான். "மன்சனா நீ? நல்ல முட்டை குட்த்தா கூமுட்டைய போடுற?"

"ஏட்டையாகிட்ட அத்தச் சொல்லு," என்றார் தேசப்பன், வீங்கிய வாயோடு. தண்டபாணி சொல்லாமலே போய்விட்டான்.

பொன்னுரங்கம் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார். அவ்வளவு நாற்றத்தைச் சகித்தவர் பொய் சொல்லமாட்டார் என்று ஜனங்கள் முடிவுசெய்திருந்தார்கள். வெற்றி விழாவில் தேசப்பனை ஸ்டேஷனிலிருந்து விடுவிக்கச் சொல்லி மேடைக்கு அழைத்துவந்து கட்டித்தழுவி, "உன்னை மன்னித்தேன் தம்பி" என்றார் கவுன்சிலர். மூக்கைத் திருப்பிக்கொண்டுதான் தழுவினார். கீழே எல்லாரும் கைதட்டினார்கள். எத்தனையோ பேர் மேல் முட்டை அடித்தபோது வராத கூச்சம் அந்தக் கைதட்டலில் தேசப்பனுக்கு வந்தது. செய்யாத துரோகத்துக்கு மன்னிப்பு வாங்கியது, விழுந்த பல்லைவிட அதிகமாக வலித்தது. வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். புஷ்பவல்லி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பெண்குழந்தை பிறந்தது. நல்ல எடை என்றார் டாக்டரம்மா. தேசப்பன் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

சில வருஷம் கழித்துத் தண்டபாணி முதலாளியோடு சண்டைபோட்டுக்கொண்டு தானே தேர்தலில் நின்றான். பழையதை மறந்து குப்பத்துக்கு வந்தான்.

"அண்ணாத்தே, எனக்கும் ஒண்ணு போடேன். எந்த முட்டையானாலும் சரி."

"வோட்டு வோணா போடுறேன்," என்றார் தேசப்பன்.

தண்டபாணி புளியந்தோப்பிலிருந்து வேறொரு ஆளைப் பிடித்தான். அவன் எறிந்தது மைக்செட்காரர் மேல் விழுந்தது. ஜனங்கள் மைக்செட்காரருக்காக மிகவும் வருத்தப்பட்டார்கள். தண்டபாணிக்கு டெபாசிட் போயிற்று.

இந்தச் சேதியைப் புஷ்பவல்லி கடற்கரைக்கே வந்து சொன்னபோது, தேசப்பன் பாதி காதில் கேட்டுக்கொண்டு வலையை உதறினார். அன்று வஞ்சிரம் பட்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் அதை ஏலத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.