கூரையில் இருந்த புடைப்பு

என் அக்கா இத்தாலியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவை கப்பலில் ஒரு பெட்டி போடுவாள். சவர்க்காரம், துவாய், சொக்லேட், அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை என்று அதில் வருவது எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கும். போன வருடம் வந்த பெட்டியில், துவாய்களுக்கு நடுவே ஒரு சின்ன அட்டைப்பெட்டியும் இருந்தது. அதன் மேல் என் பெயரை எழுதியிருந்தாள்.

தெமோதரைக்குப் பக்கத்தில் உள்ள தேயிலைத் தோட்டத்தில், அம்மாவின் வீட்டில் வைத்துத்தான் அதைத் திறந்தேன். உள்ளே ஒரு காரின் உடம்பு. என் உள்ளங்கை நீளம்கூட இல்லை. நிறம் பூசாத பால் வெள்ளை. அதற்கடியில் சின்னச் சின்னப் பைகளில் சக்கரங்கள், இரண்டு இருக்கைகள், தீக்குச்சித் தலையளவு விளக்குகள், மயிரிழை போன்ற கம்பிகள்.

"இது என்னாடி, வெளையாட்டுச் சாமானா?" என்றார் அம்மா. "இதை வச்சு வெளையாட இங்க யாரு இருக்கா?"

நான் காரின் அடிப்பாகத்தை நகத்தால் தட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். பதுளை டவுனில் பல் செட் செய்யும் ஒரு லேபில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். மெழுகு, பிளாஸ்டர், ரெசின் மூன்றும்தான் என் நாள் முழுவதும். இந்தக் கார் ரெசினில் வார்த்தது. ரப்பர் அச்சுக்குள் ஊற்றி, இறுகியதும் உருவி எடுத்திருக்கிறார்கள். ஊற்றிய வாய் எங்கே இருந்தது என்றுகூட என்னால் காட்ட முடிந்தது.

அன்று மாலையே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"நான் பாத்துக்கிட்ட பெரியவர் செத்துட்டாருல்ல, அவரோடது" என்றாள். "பழைய ரேஸ் காரு. ராத்திரி பகல்னு விடாம ஓட்டுற ரேஸாம். செய்யத் தொடங்கினாரு, முடிக்கல. வீட்டைக் காலி பண்றப்ப அவரோட மக குப்பைப் பையில போட்டாங்க. கேட்டு எடுத்துக்கிட்டேன். நீ பல்லு செய்றவ, ஒனக்கு இதெல்லாம் வரும்னு தோணுச்சு."

எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீட்டில் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டியை மூடி வைக்க மனம் வரவில்லை. திங்கட்கிழமை அதை லேபுக்குக் கொண்டுபோனேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்தில், பெரிதாக்கும் கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொரு துண்டாக வைத்துப் பார்ப்பேன். லேப் முதலாளி, நாங்கள் சேர் என்று கூப்பிடுபவர், ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்தார். "வேலைக்கு இடைஞ்சல் இல்லாம பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

செய்முறைத் தாள் ஒன்று இருந்தது. பல தடவை பிரதி எடுத்து மங்கிப்போன படம். எந்தத் துண்டு எங்கே வரும் என்று கோடுகள் போட்டிருந்தது, ஏன் என்று எங்கேயும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது அந்த ஏன் தான். ஓட்டுபவர் ஒருவர் என்றால் எதற்கு இரண்டு இருக்கை? முன் விளக்குகளுக்கு ஏன் மஞ்சள் நிறம்? என்ஜின் மூடியைப் பூட்டு வைத்துப் பூட்டாமல் ஏன் தோல் வாரால் கட்டியிருக்கிறார்கள்? பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது போனில் தேடிப் படிப்பேன். பிரான்ஸில் நடக்கும், இருபத்திநான்கு மணி நேரமும் ஓட வேண்டிய ஓட்டம் என்றும், ஓட்டுபவர்கள் மாறி மாறி ஏறுவார்கள் என்றும், இரண்டாவது இருக்கை விதிக்காக மட்டும் வைப்பது என்றும், அந்தக் காலத்தில் பிரான்ஸில் மஞ்சள் விளக்குத்தான் வழக்கம் என்றும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கதவில் எண் ஒட்டும் வட்டத்துக்கு மேல், கடுகளவு ஒரு விளக்கு வர வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் பண்டாரவளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டேன்.

"ரோட்டைப் பாக்காம கதவைப் பாத்து எரியிற லைட்டு இருக்குங்க. அது எதுக்கு?"

அவர் தேத்தண்ணீரை வைத்துவிட்டு அந்தக் கடுகை விரல் நுனியில் வாங்கிப் பார்த்தார்.

"நம்ம லொறியில பின்னால நம்பர் பிளேட்டுக்கு ஒரு லைட்டு இருக்குல்ல. அது எனக்கா எரியுது? பின்னால வர்ற பொலிஸ்காரனுக்கு எரியுது. இதுவும் அப்படித்தான். எந்தக் காரு எத்தனை சுத்து வந்துச்சுன்னு இருட்டுல யாராச்சும் எழுதிக்கிட்டு நிக்கணும்ல? அவங்களுக்குத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரமாக நான் தேடியதை அவர் ஒரு வாய்த் தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவரும் லொறியிலிருந்து இறங்கி வந்ததும், "எங்க, காரு எதுவரைக்கும் வந்துருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

காரின் கூரையில், வலது பக்கத்தில், ஒரு புடைப்பு இருந்தது. பாதிப் பருப்பை ஒட்டிவைத்தது போல. இடது பக்கம் மழமழவென்று இருந்தது. எங்கள் தொழிலில் இது தினமும் காண்பது. அச்சுக்குள் காற்றுக் குமிழ் மாட்டினால், அந்தப் பள்ளத்தில் ரெசின் நிரம்பி இப்படித்தான் மேடாக வரும். ராவி எடுத்துவிட்டு மேலே போவோம். போதாததற்கு, பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. பெரியவர் பென்சிலால் காரை வரைந்து, கூரையில் அந்த இடத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் இத்தாலிய மொழியில் இரண்டு சொல் எழுதியிருந்தார். எங்கள் சேரும் பிளாஸ்டர் அச்சில் குறை இருந்தால் அப்படித்தான் அம்புக்குறி போட்டுத் தருவார். ஆக, பெரியவரும் குறையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார், ராவுவதற்குள் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சுழலும் கல்லை வைத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கூரை இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆனது. விரலால் தடவிப் பார்த்தபோது பெருமையாக இருந்தது.

சாம்பல் நிற அடிப்பூச்சு அடித்து முடித்ததும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவள் அதைப் பெரியவரின் மகளுக்கு அனுப்பியிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து, நான் லேபில் இருக்கும்போது அக்காவின் போன் வந்தது.

"ஏய், மேல ஒரு மேடு இருந்துச்சே, எங்கடி?"

"எந்த மேடு?"

"கூரையில. ஓட்டுறவன் தலைக்கு மேல. அந்தம்மா கேக்குறாங்க."

"அது வார்ப்புல வந்த குறைதான்க்கா. ராவிட்டேன். அவரே அம்புக்குறி போட்டு எழுதி வச்சிருந்தாரே."

"அந்தக் காகிதத்தை ஒரு படம் புடிச்சு அனுப்பு."

அனுப்பினேன்.

"'தொட வேண்டாம்'னு எழுதியிருக்குடி" என்றாள்.

அந்தக் காரை ஓட்டியவர்களில் ஒருவர் மிகவும் உயரமாம். தலைக்கவசத்தோடு உட்கார்ந்தால் தலை கூரையில் இடித்ததாம். அதனால் அவருடைய தலை வரும் இடத்தில் மட்டும் தகட்டைத் தட்டி மேலே தூக்கியிருக்கிறார்கள். அதே மாதிரிக் கார்கள் எத்தனை இருந்தாலும் இந்த ஒன்றில்தான் அந்தப் புடைப்பு. பெரியவருக்குக் கடைசிக் காலத்தில் மறதி வந்துவிட்டது. மருந்து அலமாரி, அடுப்பு, கதவு என்று எல்லாவற்றுக்கும் காகிதம் எழுதி ஒட்டுவாராம். இதையும் யாருக்கும் எழுதவில்லை, தனக்கே எழுதியிருக்கிறார். தானே மறந்துபோய் ராவிவிடுவோமோ என்ற பயம்.

எங்கள் தொழிலிலும் இப்படி நடப்பதுண்டு. சில பேருக்கு மேல் அண்ணத்தில் பிறவியிலேயே எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கும். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அதை அச்சில் பார்த்துவிட்டுக் குமிழ் என்று சுரண்டிவிடுவார்கள். பிறகு பல் செட் அண்ணத்தில் குத்தும், ஆள் திரும்பி வந்து நிற்பார். அதற்காக நான் எத்தனை பேரை ஏசியிருக்கிறேன். இப்போது அதையே நான் செய்திருந்தேன். அதுவும், கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் அக்கா வாசித்துச் சொல்லியிருக்கக்கூடிய இரண்டு சொல்லைக் கேட்காமல்.

"திரும்ப வைக்கிறேன்னு சொல்லு" என்றேன். "ஆனா எவ்வளவு உயரம்னு எனக்குத் தெரியணும். பழைய போட்டோ ஏதாச்சும் இருக்கான்னு கேளு."

பெரியவரின் இழுப்பறையிலிருந்து அவர் மகள் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடி அனுப்பினார். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தது. கார் புல்லில் நிற்கிறது, பக்கவாட்டில். ஒரு நெட்டை மனிதர் அதன் அருகே நிற்கிறார். கூரை அவருடைய இடுப்பைத் தாண்டவில்லை. இவ்வளவு உயரமானவர் இவ்வளவு தாழ்வான காருக்குள் எப்படி நுழைந்தார் என்று அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் கதவின் உயரத்தை அளந்தேன், புடைப்பின் உயரத்தை அளந்தேன். அந்தக் கணக்கில், என் காரில் அது ஒரு மில்லிமீட்டரைத் தொடக்கூடாது. பல் செதுக்கும் கத்தியால் மெழுகில் ஒரு துளி செய்தேன். பெரிதாகிவிட்டது, கார் தலையில் அடிபட்டு வீங்கியது போல இருந்தது. இரண்டாவது, அச்சு எடுக்கும்போது நசுங்கியது. மூன்றாவதை ரெசினில் வார்த்து, கூரையில் ஒட்டி, விளிம்பு தெரியாமல் இழைத்தேன். லேபில் இருப்பது ஈறு நிற ரெசின்தான். அதனால் சாம்பல் நிறக் காரின் மண்டையில் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு. சேர் கண்ணாடிக்குக் கீழே பார்த்தார். "அந்த ஆளுக்கு இப்ப இடிக்காதா?" என்று கேட்டார். அவருக்குக் கதை எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. லேபில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

காருக்கு அதன் மஞ்சள் நிறம் பூசுவதற்கு இன்னும் ஒரு மாதம் போனது. பதுளையில் அது மழைக்காலம். ஈரக் காற்றில் அடித்தால் பூச்சு வெளுத்துப்போகிறது. இரண்டு தடவை கழுவிவிட்டு மறுபடி அடித்தேன். ஒட்ட வேண்டிய எண்கள் பழையவை. ஊறவைத்து ஒட்டுவதற்காகத் தண்ணீரில் போட்டதும் ஒரு எண் மூன்று துண்டாக உடைந்தது. ஊசி முனையால் தள்ளித் தள்ளிச் சேர்த்தேன். இப்போதும் உற்றுப் பார்த்தால் அந்த விரிசல் தெரியும்.

முடித்துப் படம் அனுப்பியதும் மகளிடமிருந்து செய்தி வந்தது. அந்தக் காரைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். அக்காவுக்குக் கோபம்.

"குப்பையில போட்டவங்கதானே! குடுக்காத. நீ எத்தனை மாசம் கஷ்டப்பட்டுருக்க."

எனக்கும் முதலில் கொடுக்க மனம் வரவில்லைதான். ஆனால் இங்கே அதைப் பார்ப்பவர்கள், "வடிவா இருக்கு, கூரையில என்னா வீங்கியிருக்கு?" என்று கேட்பார்கள். அங்கே அதைக் கேட்காமலே தடவிப் பார்க்க ஒருவர் இருந்தார். விடுமுறைக்கு அக்கா வந்தபோது, பஞ்சில் பொதிந்து, பல் செட் அனுப்பும் பெட்டியில் வைத்து அவளிடமே கொடுத்தனுப்பினேன். கொடுப்பதற்கு முன் உடம்பை மட்டும் ஒரு ரப்பர் அச்சு எடுத்து வைத்துக்கொண்டேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா போய்ச் சேர்ந்த வாரம், பெரியவரின் மகளுடைய வீட்டிலிருந்து என்னை வீடியோவில் கூப்பிட்டாள். நரைத்த கூந்தலோடு ஒரு அம்மா. கார் அவருடைய உள்ளங்கையில் இருந்தது. சுட்டுவிரலால் கூரையை ஒரு தடவை தொட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அந்த எண்ணுள்ள கார் அந்த ஓட்டத்தை முடிக்கவே இல்லை என்று படித்திருந்தேன். என்ஜின் கெட்டு, முதல் நாள் மாலையே நின்றுவிட்டது. ஜெயித்த கார் எத்தனையோ இருக்க, இதை ஏன் செய்ய ஆசைப்பட்டார் என்று கேட்கச் சொன்னேன்.

அக்கா கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தமிழில் சொன்னாள். பெரியவருக்கு அப்போது பத்தொன்பது வயது. மோட்டார் சைக்கிளில் அவ்வளவு தூரம் போய், வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். இந்தக் கார் அவருக்கு நேரே வந்து நின்றதாம். ஓட்டியவர் மடங்கி மடங்கி வெளியே வந்து நிமிர்ந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். அவர் நேராக வேலிக்கு வந்து, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கையால் காட்டிக் கேட்டாராம். இவர் தன் போத்தலைக் கொடுத்தாராம். பிறகுதான் அந்தப் படத்தை எடுத்தாராம்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதானாம்."

"அக்கா, குடிச்சுட்டுப் போத்தலைத் திருப்பிக் குடுத்தாரான்னு கேளு."

அக்கா கேட்டாள். அந்த அம்மா சிரித்தார். சொல்ல வாயெடுத்தவர், காரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார்.

"தெரியலையாம்" என்றாள் அக்கா. "அவங்க அப்பாகிட்ட அதைக் கேட்டதே இல்லையாம்."