ஒரு காது தாய்மாமன் மடியில்

என் வேலையைப் பற்றி என் அம்மா சொந்தக்காரர்களிடம் "பாண்டிச்சேரில ஓட்டல்ல இருக்கான்" என்று சொல்லிவைத்திருக்கிறாள். பொய் இல்லை. ஓட்டலின் மாடியில்தான் அந்தக் கிளப் இருக்கிறது. வெள்ளி, சனி இரண்டு ராத்திரியும் அங்கே நான் பாட்டுப் போடுகிறேன். டிஜே என்று சொன்னால் எங்கள் குரும்பலூர்ப் பக்கம், கல்யாண வீட்டு வாசலில் ஆளுயர ஸ்பீக்கர்ப் பெட்டிகளை அடுக்கி அக்கம்பக்கத்து ஜன்னலை அதிரவைக்கிறவனைத்தான் நினைப்பார்கள். வாரத்தின் மற்ற நாட்களில் பாண்டிச்சேரிப் பக்கம் நான் அதையும் செய்கிறேன் என்பதால் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

கிளப் வேலையில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் ஒரு காதால் கேட்க வேண்டும். இரண்டின் வேகத்தையும் சரிக்குச் சரி கொண்டுவந்து, ஆடுகிறவர்களுக்குத் தெரியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும். இடது காது மிஷினுக்கு, வலது காது ஜனங்களுக்கு. மாறியது தெரிந்தால் ஆட்டம் நின்றுவிடும். தெரியாவிட்டால் ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒழுங்காகச் செய்தால் யாருமே கவனிக்காத வேலை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு வந்தால் என் மனைவி வாரம் முழுவதும் சேர்த்துவைத்த விஷயங்களை ஒன்றொன்றாகச் சொல்லுவாள். கேஸ் தீர்ந்தது, மோட்டார் ஓடவில்லை, அம்மாவுக்கு முட்டிவலி. நான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ம் போட்டுக்கொண்டிருப்பேன். பக்கத்துக் காட்டில் மக்காச்சோளம் அடிக்கிற மிஷின் ஓடினால் போச்சு, அதன் தட்டலை மனசு எண்ண ஆரம்பித்துவிடும். "வூட்டுக்கு எப்பவும் ஒத்தக் காதத்தான் குடுக்குறீங்க" என்பாள். ஒரு நாள் கேட்டேன், அப்படியா இருக்கிறேன் என்று. "இத மூணாவது தடவையா கேக்குறீங்க" என்றாள்.

இதெல்லாம் எங்கள் வீட்டுக்குள் சமாளிக்கக்கூடியது. அக்கா விஷயம் அப்படி இல்லை.

அக்காவைத் திருமழபாடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். உடன்பிறந்தவர்கள் என்று எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு முதலில் பெண் பிறந்தது. எங்கள் பக்கம் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். தோடு மாமன் வாங்கி வர வேண்டும், மடி மாமன் மடியாக இருக்க வேண்டும். இதில் மாற்று ஏற்பாடு கிடையாது. காதுகுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்தார்கள். சனிக்கிழமை ராத்திரி கிளப்பில் லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விடிவதற்குள் பஸ் ஏறினால் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி பஸ் நின்றுவிட்டது. மாற்றுப் பஸ் வந்து, அரியலூரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து நான் கோயிலுக்குப் போனபோது பந்தியில் இரண்டாம் வரிசை உட்கார்ந்திருந்தது. குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தூங்கிக்கொண்டிருந்தது. மாமாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், அண்ணன் மடியில் வைத்துக் காது குத்தியிருந்தார்கள். நல்ல நேரம் முடிந்துவிடும் என்று ஆசாரி அவசரப்படுத்தியிருக்கிறார்.

அக்கா என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "தாய்மாமன் இல்லாத புள்ளையான்னு கேட்டாங்கடா, என் மாமியா வூட்டு ஆளுங்க அத்தன பேரு முன்னாடி" என்று மட்டும் சொன்னாள். நான் வாங்கிப்போன தோட்டை வாங்கிக்கொள்ளவில்லை. அதன் பிறகு எட்டு வருஷம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. தீபாவளிக்கு அம்மா மட்டும் சீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். அந்தத் தோடு எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது.

போன வருஷம் அக்காவுக்குப் பையன் பிறந்தான். பதினோராவது மாசம் ஒரு மத்தியான வேளையில் புது நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்த எடுப்பில் அக்கா, சுகமா என்றுகூடக் கேட்காமல், "வர்ற ஞாயித்துக்கிழம இவனுக்குக் காது குத்துறோம். நீ வரணும்" என்றாள். நான் வரேன் என்றேன். "பாட்டுப் பெட்டிய எடுத்துக்கிட்டு வராத. எங்க வூட்டுக்காரரு அரியலூர்ல செட்டு சொல்லிட்டாரு. நீ மாமனா மட்டும் வா. எந்தப் பெட்டியையும் தொடாத." சரி என்றேன். "இதுவும் தவறிப்போச்சுன்னா அப்பறம் நான் கூப்புட மாட்டேன்டா" என்றாள். அவள் குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது.

இந்தத் தடவை வெள்ளி, சனி இரண்டுக்கும் லீவு சொல்லிவிட்டேன். சனிக்கிழமையே போய்விட்டோம். ஞாயிறு காலை கொள்ளிடக் கரைப்பக்கம் இருக்கிற அவர்கள் குலதெய்வக் கோயிலுக்கு நானும் மனைவியும் சீர்த்தட்டோடு நடந்தோம். பழம், துணி, வெல்லம், நடுத்தட்டில் பையனுக்குப் புதுத் தோடு. அரியலூர்க்காரர் வேப்பமரத்தடியில் செட்டைப் போட்டிருந்தார். என் வயதுக்காரர்தான். பெட்டிகளை வைத்திருந்த விதத்தைப் பார்த்தவுடனே எனக்குக் கை அரித்தது. மைக் பிடித்துப் பேசுகிறவர் நிற்கும் இடத்தை நோக்கியே ஒரு பெட்டி திரும்பியிருந்தது. மைக் அந்தப் பெட்டிக்கு எதிரே போனால் பெட்டியின் சத்தமே மைக்குக்குள் புகுந்து வீல் என்று கத்தும். சொல்லலாமா என்று நினைத்தேன். எந்தப் பெட்டியையும் தொடாதே என்று அக்கா சொல்லியிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்தது என்று நினைத்திருந்தேன். யோசித்தால், அப்போதே போய் அதைத் திருப்பி வைத்திருக்க வேண்டும்.

மொட்டை போட்டு, தலையில் சந்தனம் தடவிப் பையனை என் மடியில் உட்காரவைத்தார்கள். கிழக்குப் பார்த்து உட்கார்ந்தேன். அவன் உடம்பு சூடாக, ஈரமாக இருந்தது. என் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டான். அக்கா எதிரே நின்றாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தாள். ஆசாரி வலது காதில் முதலில் குத்தினார். பையன் ஒரு நொடி யோசித்துவிட்டு அலறினான். நான் அவன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். மாமாவின் அண்ணன் பக்கத்தில் நின்று, "அவ்ளோதான் ராஜா, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது யாரோ ஒருவர் தாய்மாமன் சீர் வந்ததை அறிவிக்கிறேன் என்று மைக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்கு எதிரே போய் நின்றார். மைக் கத்த ஆரம்பித்தது. காதைக் கிழிக்கிற சத்தம். ஜனம் காதைப் பொத்திக்கொண்டது. அரியலூர்க்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அடுத்து நடந்ததை நான் தீர்மானித்துச் செய்யவில்லை. இதை யாரும் நம்பப்போவதில்லை, ஆனால் அப்படித்தான். இருபது வருஷமாக அந்தச் சத்தம் வந்தால் என் கை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பலகையில் இருக்கும். பையனைப் பக்கத்தில் நின்ற மாமாவின் அண்ணனிடம் கொடுத்தேன். எழுந்தேன், ஓடினேன், மிக்சரில் மைக்கின் திருகைக் கீழே இறக்கினேன். பத்தடி தூரம் இருக்கும். சத்தம் அடங்கியது. அந்த நொடியில் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பெட்டியையும் காலால் தள்ளித் திருப்பினேன். அதன் பிறகுதான் பையன் இரண்டாவது முறை அலறியது காதில் விழுந்தது.

ஆசாரிமேல் தப்பில்லை. சத்தம் வந்ததும் பையன் அழுகையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து அந்தப் பக்கம் பார்த்திருக்கிறான். குழந்தை வேடிக்கை பார்க்கிற நேரம்தான் ஆசாரிக்கு வாகான நேரம். மாமாவின் அண்ணன் பையனோடு கீழே உட்கார்ந்ததும் இடது காதையும் குத்திவிட்டார். திரும்பி வந்து நின்றேன். மாமாவின் அண்ணன் நல்ல மனுஷன், "நான் வேணும்னு பண்ணல மாப்ள" என்றார். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பையனை வாங்கிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பந்திக்கு உட்கார எனக்கு மனசில்லை. போய்விடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். "போனீங்கன்னா இன்னும் எட்டு வருசம் ஆவும். உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது. குழம்பு வாளியோடு வந்து நின்றது அக்கா. ஊற்றினாள். பிறகு என் எதிரே குனிந்து, யாருக்கும் கேட்காதபடி பேசினாள்.

"வலது காது உன் மடியிலதானே குத்துனது?"

"ஆமா."

"யாராச்சும் கேட்டா தாய்மாமன் மடியிலதான் குத்துனோம்னு சொல்லிக்கிறேன். நீயும் அதையே சொல்லு. பொய் ஒண்ணும் இல்லல்ல."

"இல்லக்கா."

"கையப் புடிச்சுக் கட்டிப்போட்டிருக்கணும் உன்ன" என்றாள். வாய் மட்டும் கொஞ்சம் சிரித்தது. அவளுடைய பெண் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றிருந்தது. ஒன்பது வயது. காதில் வளையம். நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறது.

"எனக்கு எந்தக் காதும்மா மாமா மடியில குத்துனது?" என்று கேட்டது.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் பதில் சொல்லிவிடுவாள், ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள் என்பது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தும்விட்டாள். நான் முந்திக்கொண்டேன்.

"ரெண்டுமே இல்லம்மா. அன்னைக்கு மாமா வரல."

பெண் ஒரு கையால் இரண்டு காதையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தது. பிறகு என் டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்குப் போனது.